ஓர் ஆஸ்கரின் பாதி

நாள் 1: டென்வர் – கேன்யன் சிட்டி

டென்வரில் இறங்கி அக்கா மகனின் காரில் உட்கார்ந்ததும் அவன் கேட்டது இதுதான்: "மாமா, கொலராடோவுக்கு எல்லாரும் மலை பார்க்க வருவாங்க. நீங்க ஒரு பழைய படத்துக்காக வந்திருக்கீங்க. அப்படி என்ன இருக்கு அதுல?"

கேன்யன் சிட்டி போய்ச் சேர இரண்டரை மணி நேரம். வழியெல்லாம் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

படத்தின் பெயர் 'கேட் பலூ'. 1965-இல் வந்தது. இயக்கம் எலியட் சில்வர்ஸ்டீன். கௌபாய் படத்துக்கு வேண்டிய எல்லாம் இதிலும் உண்டு: துப்பாக்கி, ரயில் கொள்ளை, பழிவாங்கல், தூக்குமேடை. ஆனால் படம் முழுக்க நகைச்சுவை. டீச்சர் வேலைக்குப் படித்துவிட்டு ஊர் திரும்புகிறாள் கேத்தரின் பலூ. அவளுடைய அப்பாவின் பண்ணையைப் பிடுங்க ஒரு கம்பெனி ஆள் வைத்து மிரட்டுகிறது. பெயர்பெற்ற துப்பாக்கி வீரன் கிட் ஷெலீனை அவள் கடிதம் போட்டு வரவழைக்கிறாள். வந்து சேருபவனோ நேராக நிற்கக்கூட முடியாத குடிகாரன். எதிர்ப்பக்கத்தில் வெள்ளி மூக்கு மாட்டிய கொலைகாரன் டிம் ஸ்ட்ரான். இரண்டு பேருமே லீ மார்வின்தான். கேத்தரினாக ஜேன் ஃபோண்டா.

இருபது வருடத்துக்கு முன் பர்மா பஜாரில் அட்டை கிழிந்த ஒரு டிவிடியாக இது என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுவேன். சிரிக்க வைக்கும் நடிப்புக்குப் பெரிய விருது கிடைப்பது உலகில் எங்குமே அபூர்வம். அழுதால்தான் நடிப்பு என்று நடுவர்களுக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தை ஒரே ஆண்டில் நான்கைந்து மேடைகளில் புரட்டிப் போட்டது இந்தப் படம். அது எப்படி நடந்தது என்று கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ராத்திரி விடுதி அறையில் மருமகனுக்கு ஒரே ஒரு காட்சி போட்டுக் காட்டினேன். கேத்தரினின் அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள். உடலைக் கிடத்தி, சுற்றிலும் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஷெலீன் தள்ளாடிக்கொண்டே உள்ளே வருகிறான். மெழுகுவத்திகளைப் பார்க்கிறான். முகம் மெல்ல மலர்கிறது. பிறந்தநாள் வாழ்த்துப் பாட ஆரம்பிக்கிறான். மருமகன் சிரித்துவிட்டு, அடுத்த நொடி "ஐயோ பாவம்" என்றான். அந்தச் சிரிப்பும் அந்த ஐயோ பாவமும் ஒரே மூச்சில் வருகிறதே, அதற்குத்தான் விருது என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தேன்.

நாள் 2: இல்லாத ஊர்

கேன்யன் சிட்டிக்கு மேற்கே எட்டு மைல் தள்ளி, ராயல் கார்ஜ் பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் பக்ஸ்கின் ஜோ என்ற ஊர் இருந்தது. ஊர் என்றால் மனிதர் குடியிருந்த ஊர் இல்லை. எம்ஜிஎம் என்ற ஹாலிவுட் ஸ்டூடியோவில் கலை இயக்குநராக இருந்த மால்கம் பிரவுன், கொலராடோவின் பழைய சுரங்க ஊர்களிலிருந்து மரக் கட்டடங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1950-களின் கடைசியில் அமைத்தது. சுற்றுலாவுக்கும் ஆயிற்று, படப்பிடிப்புக்கும் ஆயிற்று. 'கேட் பலூ'வின் காட்சிகளை இங்கேதான் எடுத்தார்கள்.

2010-இல் பில் கோக் என்ற பெரும் பணக்காரர் கட்டடங்களை மொத்தமாக வாங்கித் தன் சொந்தப் பண்ணைக்கு எடுத்துப் போய்விட்டார். இது தெரிந்துதான் வந்தேன். தெரிந்திருந்தும் வெறும் மேட்டைப் பார்த்ததும் மனசு என்னவோ போலாகிவிட்டது. காய்ந்த புல், சின்னச் சின்னப் பைன் மரங்கள், சாம்பல் நிறத்தில் ஏதோ புதர். காற்று மட்டும் விடாமல் அடிக்கிறது.

"மாமா, ஒண்ணுமே இல்லையே" என்றான் மருமகன். அரை மணி நேரம் நின்றோம். வானத்தின் விளிம்பு மட்டும் படத்தில் இருந்தபடியே இருப்பதாக எனக்குப் பட்டது.

அப்புறம் ராயல் கார்ஜ் தொங்கு பாலத்தில் நடந்தோம். 1929-இல் கட்டியது. கீழே ஆர்கன்சா ஆறு 955 அடி ஆழத்தில் ஒரு பழுப்புக் கயிறு மாதிரி தெரிகிறது. மரப்பலகை இடுக்கு வழியாகப் பார்க்காமல் நடந்தால் நல்லது.

நாள் 3: வெஸ்ட்கிளிஃப்

ஆற்றை ஒட்டியே போய், டெக்சாஸ் கிரீக்கில் தெற்கே திரும்பினால் வெட் மவுண்டன் பள்ளத்தாக்கு. இங்கே வந்ததும் நேற்றைய வருத்தம் போய்விட்டது. ஒரு பக்கம் சாங்ரே டி கிறிஸ்டோ மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அடிவாரத்திலிருந்து மஞ்சள் புல்வெளி விரிந்து கிடக்கிறது. படத்தில் கேத்தரினின் ஊர் வயோமிங் மாநிலத்தில் என்று கதை. திரையில் வந்த வயோமிங் இந்தக் கொலராடோதான். மலையை யாரும் பெயர்த்து விற்க முடியாது என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

ஊர் முக்கில் ஒரு சின்னக் கடையில் காபி குடித்தோம். கல்லாவில் இருந்த பாட்டி, படத்தின் பெயரைச் சொன்னதும் மலைப் பக்கம் கை காட்டி, "அதைத்தான் பார்க்க வந்தீர்களா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அதைக் கேட்டு யாரும் வருவதில்லையாம். படத்தில் வரும் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தும் காட்டினார்.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கையில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வைத்துக்கொண்டு இரண்டு பேர் காட்சிக்குக் காட்சி நடுவில் வந்து கதையைப் பாடுவார்கள். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து நின்று கதை சொல்வதைப் போலத்தான். ஒருவர் ஸ்டபி கே. இன்னொருவர் புகழ்பெற்ற பாடகர் நாட் கிங் கோல். பாடும்போது அவர் சிரிக்கிற சிரிப்பில் உடம்பு சரியில்லாதவர் என்று சொல்லவே முடியாது. நுரையீரல் புற்றுநோயில் 1965 பிப்ரவரி 15 அன்று இறந்துவிட்டார். படம் வெளிவந்தது அதற்குச் சில மாதம் கழித்து. 'தி பாலட் ஆஃப் கேட் பலூ' என்ற அந்தப் பாட்டு ஆஸ்கர் பரிந்துரைக்குப் போனது. இசை ஜெரி லிவிங்ஸ்டன், வரிகள் மேக் டேவிட். அந்த விருது வேறு பாட்டுக்குப் போய்விட்டது.

ராத்திரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தோம். விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தி வானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கும் ஊர் இது. பால்வீதி தெளிவாகத் தெரிந்தது. குளிர் தாங்கவில்லை.

நாள் 4: விமானம்

மருமகன் டென்வரில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். "அந்தப் படத்துக் குதிரை மாதிரி ஒண்ணு கிடைச்சா போட்டோ அனுப்புங்க மாமா" என்றான். லாஸ் ஏஞ்சலிஸ் வந்து சேரச் சாயங்காலமாகிவிட்டது. இன்று வேறொன்றும் இல்லை.

நாள் 5: சாண்டா மோனிகா

கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் சாண்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியம். 1958-இல் திறந்தது. 1961 முதல் 1968 வரை ஆஸ்கர் விழா இங்கேதான் நடந்தது. 2013-இல் மூடிவிட்டார்கள். முகப்பில் உயரமான தூண்கள், பின்னால் ஓட்டை ஓட்டையாகச் சிமெண்டுத் திரை. கதவுப் பக்கம் காய்ந்த இலை குவிந்திருந்தது. அதற்கு எதிரே உட்கார்ந்துதான் இதைக் குறித்துக்கொண்டேன்.

1966 ஏப்ரல் 18. ஆஸ்கர் விழா முதல்முறையாகத் தொலைக்காட்சியில் வண்ணத்தில் ஒளிபரப்பான ராத்திரி. 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' ஐந்து, 'டாக்டர் ஷிவாகோ' ஐந்து என்று அள்ளிக்கொண்டன. 'கேட் பலூ'வுக்கும் ஐந்து பரிந்துரை: நடிகர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு, பாட்டு, தழுவல் இசை. திரைக்கதை ஷிவாகோவுக்கு. படத்தொகுப்பும் இசையும் சவுண்ட் ஆஃப் மியூசிக்குக்கு. மிச்சம் இருந்தது நடிகர்.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். 'ஒத்தெல்லோ'வுக்காக லாரன்ஸ் ஒலிவியே. பனிப்போர் உளவாளியாக ரிச்சர்ட் பர்ட்டன். நாஜி முகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்த அடகுக்கடைக்காரராக ராட் ஸ்டைகர். 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' படத்தில் இதய நோயோடு வாழும் கப்பல் டாக்டராக ஆஸ்கர் வெர்னர். நான்கு பேரும் துயரத்தைச் சுமந்தவர்கள். ஸ்டைகரின் நடிப்பு எந்தக் காலத்திலும் மறக்க முடியாதது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவர்களுக்கு நடுவில் ஒரு குடிகாரக் கோமாளி. ஜூலி ஆண்ட்ரூஸ் உறையைப் பிரித்து வாசித்த பெயர் லீ மார்வின்.

நான் அந்த நடுவர்களில் ஒருவனாக இருந்திருந்தாலும் மார்வினுக்குத்தான் போட்டிருப்பேன். காரணம் ஒரே ஒரு காட்சி. கடைசிச் சண்டைக்குப் போவதற்கு முன் ஷெலீன் குளிக்கிறான், சவரம் செய்துகொள்கிறான், இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொள்கிறான், ஒவ்வொரு துணியாக உடுத்துகிறான். காளைச் சண்டைக்குப் போகிற வீரன் தயாராவதைப் போல இசை ஒலிக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக முதுகு நிமிர்கிறது, கை நடுக்கம் நிற்கிறது. நமக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருக்கிறது, கூடவே மரியாதையும் வந்துவிடுகிறது. வார்த்தையே இல்லாமல் இதை நடிக்க எத்தனை பேரால் முடியும்?

அந்த ராத்திரி மேடையில் ஏறி மார்வின் சொன்னது இதுதான்: இதில் பாதி, சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் எங்கேயோ இருக்கும் ஒரு குதிரைக்குச் சேரும்.

நாள் 6: அகாடமி அருங்காட்சியகம்

வில்ஷயர் சாலையும் ஃபேர்ஃபாக்ஸ் சாலையும் சந்திக்கும் முனையில் 1939-இல் கட்டிய பழைய மே கம்பெனி கடைக் கட்டடம். மூலையில் தங்க நிற உருளை ஒன்று. அதைத்தான் ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமி 2021-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பின்னால் ரென்சோ பியானோ வடிவமைத்த பெரிய கோளம். மேல் மாடத்திலிருந்து ஹாலிவுட் எழுத்துகள் தெரிகின்றன.

உள்ளே ஓர் இடத்தில் மேடை மாதிரி அமைத்து, கையில் ஆஸ்கர் சிலையைத் தருகிறார்கள். பதின்மூன்றரை அங்குல உயரம், எட்டரைப் பவுண்டு எடை. பார்க்கும்போது தெரியாது, வாங்கும்போது கை கொஞ்சம் கீழே இறங்குகிறது. பிறந்த குழந்தையை முதல்முறை வாங்கும்போது இறங்குமே, அப்படி. உலோகம் சில்லென்று இருந்தது. எனக்குப் பின்னால் நின்ற குடும்பத்தில் பாட்டிதான் முதலில் வாங்கிப் பார்த்தார். பேரன் பேத்திகள் கை தட்டினார்கள்.

மதியம் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகம். 1928-இல் பெவர்லி ஹில்ஸ் ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கக் கட்டிய கட்டடம். வெளியே பார்த்தால் கோயில் மாதிரி இருக்கிறது. அடையாள அட்டை காட்டினால் யாரும் உள்ளே உட்கார்ந்து படிக்கலாம். அங்கே உட்கார்ந்து அந்த ஆண்டின் விருதுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். நேஷனல் போர்டு ஆஃப் ரிவ்யூ அமைப்பு மார்வினைச் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுத்தது, 'கேட் பலூ', 'ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்' இரண்டுக்குமாகச் சேர்த்து. இசை, நகைச்சுவைப் பிரிவில் கோல்டன் குளோப். பிரிட்டனில் பாஃப்டா, வெளிநாட்டு நடிகருக்கானது.

இதெல்லாம் வருவதற்கு முன்பே பெர்லின் முந்திக்கொண்டது. 1965 கோடையில் நடந்த பெர்லின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி மார்வினுக்கு. அதே விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி 'ஷேக்ஸ்பியர் வாலா'வுக்காக மதுர் ஜாஃப்ரிக்கு. சிறந்த இயக்குநர் 'சாருலதா' எடுத்த சத்யஜித் ரே. இந்த வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றுவிட்டது. கல்கத்தா வீட்டு ஜன்னலில் நின்று தூரக்கண்ணாடியால் தெருவைப் பார்க்கும் சாருவும், குதிரை மேல் தூங்கி வழியும் ஷெலீனும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில், பக்கத்துப் பக்கத்துத் திரைகளில். அதைப் பார்த்த பெர்லின்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அமெரிக்கத் திரைப்படக் கழகம் பின்னால் போட்ட பட்டியல்களும் உண்டு. 2000-இல் நூறு சிறந்த நகைச்சுவைப் படங்களில் 50-ஆவது. 2008-இல் பத்துச் சிறந்த வெஸ்டர்ன், அதாவது கௌபாய், படங்களில் பத்தாவது. நகைச்சுவைப் பட்டியல், வெஸ்டர்ன் பட்டியல் இரண்டிலும் இடம் பிடித்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கௌபாய் படத்தைக் கேலி செய்த படம் என்று ஒதுக்கி வைக்காமல், நல்ல கௌபாய் படம் என்று சேர்த்துக்கொண்டார்கள். திரைக்கதை எழுதிய இருவரில் ஃபிராங்க் பியர்சன் பத்து வருடம் கழித்து 'டாக் டே ஆஃப்டர்நூன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், பிறகு அகாடமிக்கே தலைவராகவும் இருந்தார். கூட எழுதியவர் வால்டர் நியூமன்.

நாள் 7: குதிரையின் ஊர்

சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்குப் போகாமல் இந்தப் பயணம் முடியுமா? பர்பேங்கில் ராஞ்சோ என்று ஒரு பகுதி. இன்னும் வீட்டுக் கொல்லையில் குதிரை வளர்க்கிறார்கள். ஸ்டூடியோக்கள் கூப்பிடு தூரத்தில். சாலையைக் கடக்கும் இடத்தில் சிக்னல் பொத்தான் ஒன்று நடப்பவருக்கான உயரத்தில், இன்னொன்று என் தலைக்கும் மேலே. குதிரையில் உட்கார்ந்தபடியே அழுத்துவதற்கு.

மார்வின் சொன்ன குதிரையின் பெயர் ஸ்மோக்கி. படம் பார்த்தவர்கள் யாரும் அதை மறக்க மாட்டார்கள். மேலே ஷெலீன் போதையில் துவண்டு கிடக்கிறான். கீழே குதிரையும் கால்களைப் பின்னிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறது, தானும் சேர்ந்து குடித்த மாதிரி. அந்த ஒரு சட்டகம்தான் படத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

குதிரைக்கும் விருது கிடைத்தது. இது பலருக்குத் தெரியாது. 1939-இல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை உயரமான பாறையிலிருந்து தண்ணீரில் விழ வைத்தார்கள். அது செத்துப்போனது. ஊரே கொதித்தது. அதற்கடுத்த ஆண்டு விலங்கு நலனுக்கான அமெரிக்கன் ஹியூமேன் அமைப்பு ஹாலிவுட்டில் அலுவலகம் திறந்து, படப்பிடிப்புகளைக் கண்காணிக்க ஆரம்பித்தது. திரையில் நடிக்கும் விலங்குகளுக்கு 1951 முதல் பாட்சி விருது என்று தனியாகவே கொடுத்தார்கள். அதே விழாவில், அந்த அலுவலகத்தின் முதல் தலைவர் ரிச்சர்ட் கிரேவன் பெயரில் இன்னொரு விருதும் உண்டு. 1966-இல் கிரேவன் விருது ஸ்மோக்கிக்கு. ஆக மார்வின் மேடையில் பாதியைக் கொடுத்தது வெறும் பேச்சாகப் போகவில்லை.

ஒரு வேலி ஓரமாகச் சாம்பல் நிறக் குதிரை ஒன்று நின்றது. வளர்க்கும் பெண்மணியிடம் கேட்டு நெற்றியைத் தடவினேன். சூடாக, சொரசொரவென்று, வைக்கோல் வாசனையோடு. மூக்கைக் கொண்டுவந்து என் சட்டைப் பையை முட்டியது. உள்ளே பேனா மட்டும்தான் இருந்தது. போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன்.

நாள் 8: வாஷிங்டன்

முழு நாளும் விமானத்திலும் விமான நிலையத்திலும் போய்விட்டது. மழை.

நாள் 9: ஆர்லிங்டன்

மெட்ரோவின் நீலத் தடத்தில் ஆர்லிங்டன் கல்லறை நிலையத்திலேயே இறங்கலாம். ராணுவக் கல்லறை இது. நான்கு லட்சம் பேருக்கு மேல் புதைந்திருக்கும் இடம். வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக மேடேறிப் போகின்றன. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வரிசை நேராகவே தெரிகிறது. பெயர் தெரியாத வீரரின் கல்லறைக்குக் கீழே இறங்கினால் 7ஏ பிரிவு. அங்கேதான் லீ மார்வின்.

இந்தக் கல்லைப் பார்க்கத்தான் கொலராடோவிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன். மற்ற சிப்பாய்களுக்கு வைத்த அதே வெள்ளைக் கல். பெயர், பிஎஃப்சி என்று கீழ்நிலைச் சிப்பாயின் பதவி, மரைன் படை, இரண்டாம் உலகப்போர், 1924 பிப்ரவரி 19, 1987 ஆகஸ்ட் 29. அவ்வளவுதான். ஆஸ்கர், வெள்ளிக் கரடி எதுவும் இல்லை. நடிகர் என்ற சொல்கூட இல்லை.

1944 ஜூன் மாதம் பசிபிக் கடலில் இருக்கும் சைபன் தீவில் மரைன் படை இறங்கியது. 18-ஆம் தேதி மார்வினுக்குக் குண்டடி. முதுகுக்குக் கீழே புகுந்து நரம்பை அறுத்துவிட்டது. அவருடைய படைப்பிரிவில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெளியே வந்ததும் நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் பக்கம் பிளம்பருக்குக் கையாள் வேலை. ஒரு நாடகக் கொட்டகையில் குழாய் ரிப்பேருக்குப் போன இடத்தில், உடம்பு சரியில்லாமல் போன நடிகருக்குப் பதிலாக மேடையேற்றினார்கள். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

ஷெலீனின் கை நடுக்கம் எனக்கு இங்கே வேறு மாதிரி தெரிந்தது. ஒரு காலத்தில் துப்பாக்கியோடு இருந்தவன், இப்போது குடித்தால்தான் குறி தப்பாமல் சுடுவான். அந்த மனிதனை வெறும் கோமாளியாக நடிக்க மார்வினுக்கு மனசு வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பக்கத்துக் கல் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுடையது. பெரிய கல், அதில் கையை மடக்கி நிற்கும் அவர் உருவம். 1937 முதல் 1949 வரை உலக ஹெவிவெயிட் சாம்பியன். ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஈரமான மழைக்கோட்டுகளோடு. டீச்சர் லூயிஸைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் மட்டும் பக்கத்துக் கல்லைக் காட்டி, இவர் யார் என்று கேட்டான். டீச்சர் குனிந்து படித்துவிட்டு, "மரைன் படை வீரர்" என்று சொல்லி நகர்ந்தார்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இவர் நடிகரும்கூட. பெரிய பரிசு ஒன்று வாங்கினார். அதில் பாதியைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டார்" என்று அவனிடம் சொன்னேன்.

அவன் என்னையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தான்.

"குதிரை பேர் என்ன?"

"ஸ்மோக்கி."

அந்தப் பெயரை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, தன் கூட்டத்தோடு சேர ஓடினான்.